வெள்ளை வயரில் வந்த குரல்

மழை வருமென்று அவள் நினைக்கவேயில்லை.

சலூனிலிருந்து கிளம்பும்போது நல்ல வெயில்... வில்லியம் தெருவில் பாதிதான் நடந்திருப்பாள், வானம் அப்படியே கொட்டிவிட்டது. கம்பாலா மழை யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எல்லாரும் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். நந்தோங்கோ மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பைக்குள், டிவியோடு மாட்டிப் படம் பார்க்கிற சின்னப் பெட்டி இருந்தது. தலை நனைந்தால் காய்ந்துவிடும்... பெட்டி நனைந்தால்?

கண்ணில் பட்ட முதல் டிவி கடைக்குள் பாய்ந்தாள். வாசலில் நின்றவனைப் பார்க்கவில்லை. மோதினாள். அவன் கையிலிருந்த ரோலெக்ஸ், சூடான சப்பாத்தியும் முட்டையுமாகச் சுருட்டியது, காகிதத்தோடு தண்ணீரில் விழுந்தது.

"வாசல்ல நின்னு சாப்பிட்டா இப்படித்தான்," என்றாள், மூச்சு வாங்க.

"நான் நின்னுட்டுதான் இருந்தேன் ஞாபோ. ஓடி வந்தது நீங்க."

ஞாபோ என்று, அம்மணி என்பது போல, மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது... இமை நுனியில் ஒரு துளி மழை. அது விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். விழுந்தது. அப்புறம்தான் தான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கே உறைத்தது. வேகமாகக் கடைக்குள் திரும்பினாள்.

கடைக்காரர் முகீபி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன வேணும் ஞாபோ?"

"புதுப் பெட்டி வாங்கினா டிவில பேச்சு நல்லா கேக்குமா செபோ? அதத் தெரிஞ்சுக்கத்தான் நத்தேத்தேலேருந்து வந்தேன்." அவளும் ஐயா என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"பேச்சா? சுவரே பேசும்." முகீபி அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து வைத்தார். "இந்த வருசத்து மாடல். சத்தம் சினிமா ஹால் மாதிரி வரும்."

விலையைச் சொன்னார். அவள் சலூனில் மூன்று மாதம் தலைபின்னிச் சேர்த்ததெல்லாம் அதில் போய்விடும். அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பயம் வேறு... பெட்டியை மாற்றியும் சரியாகாவிட்டால் என்ற பயம்.

"இப்ப இருக்கறதுல என்ன கோளாறு?"

"குண்டு வெடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சுவத்தத் தட்டறாங்க. கார் ஓடினா கண்ணாடி அதிருது. ஆனா கதை சொல்றவன் பேசறது மட்டும் கேக்கல. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் சொல்றதுதான் அவங்களுக்குப் படம்."

அந்த ஊரில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது அதன் சத்தத்துக்கு மேலே ஒருவன் லுகாண்டா மொழியில் கதை சொல்லிக்கொண்டே வருவான். விஜே என்பார்கள். ஆளுக்கொரு விஜே பிடிக்கும். பிடித்த விஜேக்காகவே படம் பார்ப்பவர்கள் உண்டு.

"யாரு பேசற படம்?" என்றார் முகீபி.

"லுபோ. எங்கம்மா வேற யாரையும் பாக்க மாட்டாங்க. எனக்கென்னமோ தப்பு அவன் மேலதான்னு தோணுது. சூடா வாழைக்காய் மசிச்ச மத்தோக்கேய வாயில வெச்சுகிட்டுப் பேசற மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை வெளிய வராது."

முகீபி இருமினார். பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. மழைக்கு ஒதுங்கியிருந்த நாலைந்து பேர் சிரிப்பை அடக்கினார்கள். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

ரோலெக்ஸைப் பறிகொடுத்தவன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மத்தோக்கே இல்ல ஞாபோ," என்றான். "ரோலெக்ஸ். அதுவும் இப்ப இல்ல."

அந்தக் குரல்... ஐயோ. அதே குரல்தான். நேரில் எவ்வளவு தெளிவாக இருந்தது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்குகிற பழக்கம் அவளுக்கில்லை. "நேர்ல நல்லாத்தான் பேசறீங்க," என்றாள். "பெட்டில வந்தா ஏன் அப்படி?"

"பெட்டியக் குடுங்க. பாத்துடலாம்."

மாட்டிப் பார்க்காமல் எந்தப் பொருளும் வாங்குவதில்லை, எந்தப் பொருளையும் குறை சொல்வதுமில்லை. அந்தத் தெருவின் வழக்கம் அது. முகீபி அவளுடைய பழைய பெட்டியைக் கடை டிவியில் மாட்டினார். படத்துக்கு மஞ்சள் வயர், சத்தத்துக்குச் சிவப்பு வயர், வெள்ளை வயர். லுபோவின் படம் ஒன்றைப் போட்டார்.

துப்பாக்கிச் சத்தம் வந்தது. அதற்கு மேல் லுபோவின் குரல், ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்தது போல. "பாருங்கய்யா, இவன் துப்பாக்கிய எடுத்துட்டான், ஆனா கை நடுங்குது, பொண்டாட்டிகிட்ட சொல்லாம வந்துட்டான் போல..." ஒதுங்கி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நந்தோங்கோ சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லுபோவுக்கு ஜெயித்த சந்தோஷம். கூட்டம் வேறு. "பெட்டி நல்லா இருக்கு," என்றான். "என் வாயும் நல்லா இருக்கு. அப்போ கோளாறு கேக்கறவங்க காதுலதான்."

மறுபடியும் சிரிப்பு.

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் அவன் தாங்கியிருப்பான்... அது கோபம் இல்லை, பயம். பிறகு விடுவிடுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். பெட்டியை எடுத்துக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் காத்திருந்தான். பார்க்கவில்லை.

*

அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் மாமா மசாக்கா ஊரிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வாசலிலிருந்து ஐந்து முறை "அக்கா" என்று கூப்பிட்டும் அம்மா திரும்பவில்லை. டிவி முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது; அம்மா அதற்கு முன்னால் உட்கார்ந்து பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ சத்தமா வெச்சும் என்ன சொல்றான்னு கேக்கல தம்பி," என்று அவளே சொல்லிவிட்டாள்.

மாமா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். காது போனவள் இந்த ஊரில் இருக்கக் கூடாது. தெருவெல்லாம் வாடகைக்கு ஆள் ஏற்றுகிற போடா-போடா மோட்டார் சைக்கிள்... பின்னால் வருவது தெரியாமல் ஒரு நாள் அடிபட்டுச் சாவாள். அடுத்த ஞாயிறு வேன் எடுத்து வருகிறேன், மசாக்காவுக்கு வந்துவிடட்டும். நந்தோங்கோவுக்குச் சலூன் இருக்கிறது, இங்கேயே ஒரு அறை பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா போன பிறகு அவர்கள் இரண்டே பேர். அம்மா இல்லாத வீட்டை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் பெட்டி. பெட்டி கெட்டுப் போயிருந்தால் மாற்றிவிடலாம். அம்மாவின் காதை எங்கே போய் மாற்றுவது?

இப்போது அதுவும் தெரிந்துவிட்டது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

ஈரத்தோடு வீட்டுக்குள் வந்தவளைப் பார்த்து அம்மா துண்டை நீட்டினாள். "பெட்டி எங்கடி?"

"கடையில இருக்கும்மா," என்றாள், முனகலாக.

"அங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் யாரு பாக்கப்போறா?"

அம்மா தைத்த சட்டைகளை ஒன்றொன்றாக மடித்தாள். முனகியது அம்மாவுக்குக் கேட்டதே என்று நந்தோங்கோவுக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே பயம் அதையும் தின்றுவிட்டது... இவ்வளவு பக்கத்தில் யாருக்கும் கேட்கத்தானே செய்யும்.

*

கட்வேயில், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஓர் அறை லுபோவின் வேலைக்கூடம். அவன் முழுப்பெயர் லுபோவா. வெள்ளிக்கிழமை காலை புதுப் படம் பேச உட்கார்ந்தான். பேச வரவில்லை.

திரையில் ஒரு பெண் தெருவில் நடந்து போனாள். அவனுக்குக் கதை மறந்துபோனது. மழைக்குள் இறங்கிப் போன முதுகுதான் ஞாபகம் வந்தது... அந்தக் கண். ஏன் அப்படிப் பயந்தாள்? ஒரு கேலிக்கு யாராவது அப்படிப் பயப்படுவார்களா?

அவள் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தான். குண்டு வெடித்தால் பக்கத்து வீடு தட்டுகிறது. கார் ஓடினால் கண்ணாடி அதிர்கிறது. குரல் மட்டும் கேட்கவில்லை.

காது போனால் குண்டும் சேர்ந்துதானே போகும்?

கை தானாக மேசைக்குப் போனது. அவன் பேசுவது வெள்ளை வயரில், அதாவது இடது பக்கம். படத்தின் சத்தம் சிவப்பு வயரில், வலது பக்கம். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். வீடியோ ஹால்காரர்களுக்கு அதுதான் வசதி. கூட்டம் கத்தினால் குமிழை இடது பக்கம் திருப்புவார்கள், கதை சொல்கிறவன் குரல் ஏறும். வீட்டில் கேட்பவர்களைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அவனும்தான்.

வெள்ளை வயரைப் பிடுங்கிவிட்டு, முன்பே பேசி முடித்த படம் ஒன்றை ஓடவிட்டான். குண்டு வெடித்தது. கார் பறந்தது. அதற்கெல்லாம் அடியில், சிவப்பு வயருக்குக் கொஞ்சம் கசிந்தது மட்டும், எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவன் குரல்... வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

 அந்த வீட்டு டிவியில் இடது பக்க ஸ்பீக்கர் செத்துப் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு நாலைந்து பேர் முன்னால் அவளுடைய அம்மாவைச் செவிடு என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டான்.

பேசின படத்தைத் திருத்திப் பேசுவது அவனுக்குப் பிடிக்காது. சொன்னது சொன்னதுதான் என்பது தொழிலில் அவனுக்கொரு கௌரவம். அன்றைக்கு அந்தக் கௌரவம் பெரிதாகத் தெரியவில்லை. வெள்ளை வயரை மாட்டினான். மைக்கை இழுத்துக்கொண்டான்.

*

அன்று மாலை அவள் கடைக்கு வந்தபோது அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானத்துலேருந்து இருக்கான்," என்றார் முகீபி. "கடைக்கு வாடகை கேக்கலாமான்னு பாக்கறேன்."

அவள் அவனைப் பார்க்காமல், "அந்தப் புதுப் பெட்டியக் குடுங்க செபோ," என்றாள். வேறு வழி தெரியவில்லை. சினிமா ஹால் மாதிரிச் சத்தம் வரும் என்றாரே. காது கொஞ்சம் போயிருந்தாலும் அதில் கேட்டுவிடலாம் அல்லவா...

முகீபி டப்பாவை எடுத்தார்.

"அத வாங்காதீங்க," என்றான் லுபோ.

"என் பணம். என் அம்மா. உங்களுக்கென்ன?"

"வாங்கினாலும் அதே பாதிதான் கேக்கும். உங்க டிவில இடது பக்கம் செத்துப் போச்சு. என் குரல் அந்தப் பக்கம்தான் வருது. உங்கம்மா காதுல ஒண்ணும் இல்ல."

"அதை நேத்து நீங்கதானே சொன்னீங்க, காதுலதான்னு. இன்னிக்கு மாத்திச் சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். மைக் முன்னால் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன்.

"நேத்து நான் சொன்னது தப்பு," என்றான் கடைசியில். "கூட்டத்தப் பாத்ததும் வாய் ஓடிடுச்சு. மன்னிச்சுக்கோங்க."

முகீபி டப்பாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வியாபாரம் கையைவிட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் தலையிடவில்லை.

"நான் வேணா வந்து பாத்துத் தரேன்..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம். தெரியாத ஆள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எங்கம்மாவுக்கு காது மட்டுமில்ல, மூச்சும் போயிடும்."

"சரி. அப்போ இது மட்டும் செய்யுங்க. சிவப்பு இருக்கற எடத்துல வெள்ளைய மாட்டுங்க. வெள்ளை இருக்கற எடத்துல சிவப்ப. அவ்ளோதான்." ஒரு காகித உறையை நீட்டினான். உள்ளே ஒரு பென்டிரைவ். "புதுப் படம். இன்னும் யாருக்கும் குடுக்கல. அம்மாவோட பாருங்க. உறை மேல நம்பர் இருக்கு. கேக்கலன்னா போன் பண்ணித் திட்டுங்க."

அவள் புது டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். நேற்று சிரித்த கண் இன்றைக்குச் சிரிக்கவில்லை... அதனால்தானோ என்னவோ.

"பழைய பெட்டியே போதும் செபோ," என்றாள் முகீபியிடம்.

சனிக்கிழமை முழுக்கப் பெட்டி பையிலேயே இருந்தது. மாட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மாட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால்...

*

ஞாயிறு பதினோரு மணிக்கு வேன் வந்தது. நந்தோங்கோ மண்டியிட்டு மாமாவை வணங்கினாள். மாமா அம்மாவிடம் போய்க் குனிந்து, "அக்கா. சௌக்கியமா," என்று கத்தினார். தையல் மிஷினைக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. டிவிதான் மிச்சம்.

"டிவிய அவ வெச்சுக்கட்டும்," என்றாள் அம்மா. "எனக்கெதுக்கு?"

அப்போதுதான் நந்தோங்கோ பெட்டியை எடுத்தாள்.  மஞ்சளை மஞ்சளில் மாட்டினாள். சிவப்பு இருக்கிற இடத்தில் வெள்ளை...

"ஏண்டி, இப்ப போய்ப் படமா?" என்றார் மாமா.

"பத்து நிமிசம் மாமா. அம்மா பாத்துட்டுக் கெளம்பட்டும்."

பென்டிரைவைச் செருகினாள். படம் வந்தது. கட்டிடம் ஒன்று சரிந்தது, சத்தமே இல்லை. ஹெலிகாப்டர் வந்தது, சத்தமே இல்லை. மாமா சிரித்தார். "என்னடி, ஊமைப் படம். உள்ளதும் போச்சா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில்...

"வாங்கய்யா வாங்க, உக்காருங்க, கதைய ஆரம்பிக்கலாம்."

அறை முழுக்க அந்தக் குரல். வேறெதுவும் இல்லாமல் அது மட்டும். அம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியில் அப்படியே நின்றது. மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள்... வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

மாமா வாசலுக்குப் போய் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு பெண் தெருவில் தனியாக நடந்து போனாள். இந்த மாதிரி இடங்களில்தான் விஜேக்கள் சொந்தக் கதை பேசுவார்கள். ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். லுபோவின் குரல் தணிந்தது.

நந்தோங்கோ டிவியைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

மாமா திரும்பி வந்தார். "என்னக்கா, முடிஞ்சுதா?"

"இருடா. இந்தப் பய படத்த விட்டுட்டு வேற என்னமோ பேசறான். நத்தேத்தேல பழைய பெட்டி வெச்சிருக்கற பொண்ணாம். அவ அம்மா காதுல ஒரு கோளாறும் இல்லையாம், இவன் புத்தியிலதான் கோளாறாம். மழையில திரும்பிப் பாக்காம போயிட்டாளாம். அதுலேருந்து எந்தப் பொண்ணு நடந்து போனாலும் இவனுக்குக் கதை மறந்து போகுதாம். புடிக்கலன்னா பரவால்லயாம், புடிச்சிருந்தா ஒரு போன் பண்ணச் சொல்றான்."

மாமா அம்மாவையே பார்த்தார். "இவ்ளோவும் உனக்குக் கேட்டுச்சா?"

"ஏன், உனக்குக் கேக்கலையா? காதுல ஏதாவது கோளாறா?"

மாமா பின்வாசல் வரைக்கும் நடந்து போனார். திரும்பி நின்று, உதடு அசையாத குறையாக, "அக்கா" என்றார்.

"என்னடா. டீ வேணும்னா அவகிட்ட கேளு. மிஷின வேற கட்டி வெச்சுட்ட, அவுத்துட்டுப் போ."

மாமா மிஷினிடம் வந்தார். பிறகு குனிந்து மிஷினின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அம்மா டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "முறைப்படி பொண்ணோட அத்தைகிட்ட போய்ப் பேசாம, படத்துல வந்து கேக்கறான். மரியாத தெரியாத பய." கொஞ்ச நேரம் கழித்து, "குரல் நல்லா இருக்கு," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தெருவுல பழைய பெட்டி யாரு வீட்டுல இருக்கு?"

நந்தோங்கோ உறையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.  மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்," என்றாள்.

"அம்மாவுக்கு...?"

"கேட்டுச்சு."

"ஊருக்கு..." என்று எதையோ தொடங்கிய அவள் பாதியில் நிறுத்தினாள். அவனுக்கு மாமாவையும் தெரியாது, மசாக்காவையும் தெரியாது. அதையெல்லாம் இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். "அம்மா எங்கயும் போகல," என்றாள்.

"அப்படியா... ரொம்ப நல்லது." குரலைத் தணித்தான். "அப்புறம்?"

"எனக்கும் கேட்டுச்சு."

  இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"புடிச்சிருக்கு," என்றாள், மிக மெதுவாக. "ஆனா படத்துல சத்தமே இல்லாம நீங்க மட்டும் பேசிட்டிருக்கீங்க. ரெண்டும் சேந்து வரணும்னா என்ன பண்ணணும்?"

"ரெண்டையும் ஒண்ணாச் சேக்கற வயர் ஒண்ணு இருக்கு... எங்கிட்ட இருக்கு."

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க. எங்க அத்தைய வரச் சொல்றேன்."